டீச்சர்களுக்கான கல்விக் கடன் தள்ளுபடி: 17,500-ஐ வாங்கிவிடுவதா, பத்து வருடத் திட்டத்துக்குக் காத்திருப்பதா?

சார்லட்_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட கரோலினாவில் ஒரு டைட்டில் ஒன் (ஏழைப் பிள்ளைகள் அதிகம் என்பதால் கூடுதல் அரசு உதவி பெறும்) எலிமெண்டரி பள்ளியில் ஸ்பெஷல் எட் (சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான) டீச்சராக இருக்கிறேன். இந்தக் கல்வி ஆண்டு முடிந்தால் டீச்சராக நான்கு வருடம். அதற்கு முன்னால் 2020 ஆகஸ்டிலிருந்து இரண்டு வருடம் இதே டிஸ்ட்ரிக்டில் முழுநேர அசிஸ்டென்டாக இருந்தேன், லைசென்ஸ் தேர்வுகள் முடியவேண்டி இருந்தது. எச்4-ல், அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில் வந்தவள்தான், கிரீன் கார்டு கிடைத்த பிறகு 2018-லிருந்து 2020 வரை மாஸ்டர்ஸ் படித்தேன். அதற்கு எடுத்த ஃபெடரல் கடன் இன்றைக்கு 46,000 டாலர் சொச்சம். எல்லாமே டைரக்ட் அன்சப்சிடைஸ்டு கடன், அதாவது படிக்கும்போதே வட்டி ஏறும் வகை. கொரோனா சமயத்தில் யாரும் கட்டவேண்டாம் என்றார்கள், கட்டவில்லை. 2023 அக்டோபரிலிருந்து சேவ் என்ற, வருமானத்துக்கு ஏற்ற தவணைத் திட்டத்தில் கட்டினேன், 2024 கோடையில் கோர்ட்டு கேஸ் என்று அதையும் நிறுத்தி வைத்தார்கள், அன்றிலிருந்து அப்படியே கிடக்கிறது, வட்டி மட்டும் மறுபடி ஏற ஆரம்பித்துவிட்டது.

இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், ஐந்து வருடம் முடித்த எல்லா டீச்சருக்கும் 17,500 டாலர் தள்ளுபடி என்கிறார். இன்னொருவர் அதெல்லாம் 5,000தான் என்கிறார். பள்ளியில் கூட வேலை பார்க்கும் அமெரிக்க டீச்சர் பத்து வருடத் திட்டம்தான் நல்லது, முழுக்கடனும் போய்விடும் என்கிறார். வீட்டுக்காரர் இதையெல்லாம் நம்பாமல், நல்ல வட்டிக்குத் தனியார் வங்கியில் ரீஃபைனான்ஸ் பண்ணி (புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைத்து) நாலு வருடத்தில் கட்டி முடிப்போம் என்கிறார். அரசுக்காகத் தவணை வசூலிக்கும் லோன் சர்வீசருக்குப் போன் பண்ணினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில்.

இன்னொன்று. போன வருடம் மார்ச்சில் இரண்டாவது குழந்தை பிறந்தது, அந்த ஆண்டு முடியும்வரை லீவில் இருந்தேன். அந்த வருடம் கணக்கில் வருமா, இல்லை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமா? இதை நினைத்தால்தான் தூக்கம் போகிறது.

கணக்கு_வாத்தி:

சகோதரி, முதலில் ரீஃபைனான்ஸ் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். ஃபெடரல் கடன் ஒரு முறை தனியார் கடனாக மாறிவிட்டால் திரும்பி வர வழியே கிடையாது, தள்ளுபடி, வருமானத்துக்கு ஏற்ற தவணை எல்லாம் அந்த நிமிடத்தோடு போச்சு.

இரண்டு பேர் சொன்னதும் பாதிப் பாதி சரி. டீச்சர் லோன் ஃபர்கிவ்னஸ் என்பதில் இரண்டு தொகைதான் உண்டு. உயர்நிலை வகுப்புகளில் கணக்கோ அறிவியலோ எடுப்பவர்களுக்கும், எந்த வகுப்பானாலும் ஸ்பெஷல் எட் எடுப்பவர்களுக்கும் 17,500 வரை. மற்ற எல்லா டீச்சர்களுக்கும் 5,000 வரை. நான் ஹூஸ்டன் பக்கம் ஹைஸ்கூலில் ஆல்ஜீப்ரா எடுக்கிறேன், எனக்கு 17,500 வந்தது. பக்கத்து அறையில் வரலாறு எடுத்தவருக்கு அதே பள்ளி, அதே ஐந்து வருடம், 5,000தான். அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் குமுறுவார், நியாயம்தான். நீங்கள் ஸ்பெஷல் எட், எலிமெண்டரி என்றாலும் பரவாயில்லை, பெரிய தொகைக்குத் தகுதி உண்டு. ஆனால் முழு லைசென்ஸ் இருக்க வேண்டும், எமர்ஜென்சி லைசென்சில் ஓட்டிய வருடம் எடுபடாது.

அசிஸ்டென்டாக இருந்த இரண்டு வருடம் இதில் சேராது. வகுப்பில் நேரடியாகப் பாடம் நடத்தும் டீச்சராக, முழுநேரமாக, தொடர்ந்து ஐந்து முழுக் கல்வி ஆண்டு வேண்டும். கவுன்சலர், லைப்ரரியன் கூட இதில் டீச்சர் கணக்கில் வருவதில்லை. பள்ளி, குறைந்த வருமானப் பள்ளிகளின் அரசுப் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் வருடா வருடம் வெளிவரும், இணையத்தில் மாநிலம், வருடம் கொடுத்துத் தேடலாம். டைட்டில் ஒன் என்று வாசலில் போர்டு இருக்கிறதே என்று நம்பிவிடாமல் உங்கள் பள்ளிப் பெயரை ஒவ்வொரு வருடத்துக்கும் பார்த்துப் பிடிஎஃப் எடுத்து வையுங்கள். நடுவில் ஒரு வருடம் பட்டியலிலிருந்து பள்ளி விழுந்துவிட்டால் பயப்பட வேண்டாம், நீங்கள் அங்கே வேலை பார்த்த ஒரு வருடமாவது அது பட்டியலில் இருந்திருந்தால், பின்னால் அதே பள்ளியில் தொடரும் வருடங்களும் சேரும்.

பிரசவ லீவு விஷயம். கல்வி ஆண்டில் பாதிக்கு மேல் வேலை பார்த்திருந்து, எஃப்.எம்.எல்.ஏ. என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தில் வரும் காரணத்துக்காக மீதியை முடிக்க முடியாமல் போய், டிஸ்ட்ரிக்டும் சம்பள உயர்வு, பென்ஷன் போன்றவற்றுக்கு அதை முழு வருடமாக எடுத்துக்கொண்டிருந்தால், அந்த வருடம் கணக்கில் வரும். ஆகஸ்டிலிருந்து மார்ச் என்றால் பாதியைத் தாண்டிவிட்டீர்கள். அடுத்த ஆண்டு சம்பளத்தில் ஒரு படி ஏறியதா பாருங்கள், ஏறியிருந்தால் ஹெச்.ஆரிடம் அதை இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள். ஐந்து வருடம் முடிந்து கேட்கும்போது அந்த ஹெச்.ஆர். அம்மா அங்கே இருக்க மாட்டார்.

ஃபைவ்_பீரியட்:

வாத்தியார் சொன்ன விவரமெல்லாம் சரி. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 17,500 பக்கமே போகமாட்டேன். எனக்குத் தள்ளுபடி ஆனது அந்தப் பத்து வருடத் திட்டத்தில், அதாவது பப்ளிக் சர்வீஸ் லோன் ஃபர்கிவ்னஸில், சுருக்கமாக பி.எஸ்.எல்.எஃப். 120 மாதத் தவணை, அது முடிந்தால் மீதி எவ்வளவு இருந்தாலும் பூஜ்யம், அதற்கு ஃபெடரல் வருமான வரியும் கிடையாது.

இதில் நீங்கள் டீச்சராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. அரசுப் பள்ளியில் வாரம் 30 மணி நேரம் வேலை பார்க்கும் யாரும் வரலாம், பஸ் டிரைவர் உட்பட. கோடை விடுமுறையும் கழியாது. ஆகவே உங்கள் அசிஸ்டென்ட் வருடங்கள் சேரும். தொடர்ச்சியாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை, பள்ளி ஏழைப் பள்ளியாக இருக்கவேண்டியதும் இல்லை. பெரிய விஷயம் என்னவென்றால் 2020 மார்ச்சிலிருந்து 2023 செப்டம்பர் வரை கொரோனா நிறுத்தத்தில் ஒரு டாலர் கட்டாத மாதங்களும் தவணையாக எண்ணப்படும். நீங்கள் 2020 மே மாதம் படிப்பு முடித்திருந்தால் தவணை தொடங்காத ஆறு மாத கிரேஸ் போக டிசம்பரிலிருந்து கணக்கு ஓடியிருக்கும். சேவில் கட்டிய மாதங்களையும் சேர்த்தால் இப்போதே நாற்பதுக்கு மேல் கையில் இருக்கிறது. யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சிக்கல் எங்கே என்றால், ஒரே காலத்தை இரண்டு திட்டத்துக்கும் காட்ட முடியாது. 17,500 வாங்கினால் அந்த ஐந்து வருடமும் பி.எஸ்.எல்.எஃப். கணக்கிலிருந்து போய்விடும். உங்கள் விஷயத்தில் கணக்குப் போட்டால், அதை வாங்காமல் இருந்தால் 2030 கடைசி வாக்கில் முழுக்கடனும் போகும். வாங்கினால் அசிஸ்டென்டாக இருந்த இருபது மாதம்தான் மிஞ்சும், மீதி நூறு மாதத்தை 2027-ல் ஆரம்பித்து 2035 வரை இழுக்க வேண்டும். 17,500-க்காக ஐந்து வருடம்!

சேவில் முடங்கிக் கிடந்த மாதங்கள் தானாக எண்ணப்படாது, அதை மட்டும் கவனியுங்கள். உடனே ஐ.பி.ஆர். என்ற, வருமானத்துக்கு ஏற்ற இன்னொரு தவணைத் திட்டத்துக்கு மாற விண்ணப்பம் போடுங்கள். முடங்கிய மாதங்களைப் பின்னால் காசு கட்டி மீட்க ‘பைபேக்’ என்று ஒரு வழி இருக்கிறது, ஆனால் அந்த மாதங்களைச் சேர்த்தால் 120 நிறையும் என்ற கட்டத்தில்தான் கேட்க முடியும். நான் மேலே சொன்ன 2030 அந்த மீட்பு கிடைக்கும் என்று வைத்துப் போட்டது, கிடைக்காவிட்டால் முடங்கிய மாதங்கள் அத்தனையும் பின்னால் தள்ளும்.

மதுரைக்காரன்_ஃபீனிக்ஸ்:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கவும். நான் ஜே-1 என்ற தற்காலிகப் பரிமாற்ற விசாவில் அரிசோனாவில் சயின்ஸ் டீச்சர். ஊரில் எம்.எஸ்சி., பி.எட். படிக்க வங்கியில் வாங்கிய கடன் இன்னும் ஓடுகிறது. இங்கே ஐந்து வருடம் ஏழைப் பள்ளியில் வேலை பார்த்தால் அதற்கு ஏதாவது கிடைக்குமா?

கணக்கு_வாத்தி:

தம்பி, கிடைக்காது. இது அமெரிக்க ஃபெடரல் அரசு கொடுத்த கடனை அந்த அரசே விட்டுக்கொடுப்பது. அந்தக் கடனை வாங்கவே பொதுவாக சிட்டிசனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும், உங்கள் மாதிரி விசாவில் இருப்பவர்களுக்கு முதலிலேயே கதவு மூடித்தான் இருக்கிறது. ஊர்க் கடனுக்கு, தேர்தலுக்குத் தேர்தல் அறிக்கையில் வரும் கல்விக் கடன் தள்ளுபடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஃபைவ்_பீரியட் அவர்களுக்கு: நீங்கள் சொல்வது காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் 2017-ல் முதல் ஆட்கள் பத்து வருடம் முடித்துப் போய் நின்றபோது நூற்றுக்கு 99 பேருக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினார்களே, மறந்துவிட்டதா? தவறான வகைக் கடன், தவறான தவணைத் திட்டம் என்று ஏதாவது ஒரு காரணம். ஐந்து வருடத்தில் கையில் வருவது வந்ததுதான். அப்புறம், முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. சகோதரி, வீட்டுக்காரருக்கு என்ன சம்பளம்? வரி எப்படி ஃபைல் பண்ணுகிறீர்கள், சேர்த்தா தனித்தனியாகவா?

சார்லட்_டீச்சர்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஐ.டி.தான், வருடத்துக்கு 1,30,000. என்னுடையது 50,000 வருகிறது. எப்போதும் சேர்த்துத்தான் ஃபைல் பண்ணுகிறோம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கணக்கு_வாத்தி:

அதில்தான் எல்லாம் இருக்கிறது. வருமானத்துக்கு ஏற்ற தவணை என்றால் யாருடைய வருமானம்? சேர்த்து ஃபைல் பண்ணினால் இரண்டு பேருடையதும். 1,80,000 வருமானம், நான்கு பேர் குடும்பம் என்று ஐ.பி.ஆர். சூத்திரத்தில் போட்டால் மாதம் ஆயிரத்துக்கு மேல் வருகிறது. ஆனால் ஐ.பி.ஆரில் ஓர் உச்சவரம்பு உண்டு, பத்து வருடத்தில் கடனைக் கட்டி முடிக்கும் சாதாரணத் தவணையைத் தாண்டாது. உங்கள் 46,000-க்கு, வட்டி 6 சதவீதம் என்று வைத்தால், அது மாதம் 510 பக்கம் வரும். இந்த 510-ஐ முழுதாகப் பத்து வருடம் கட்டினால் கடன் தானாகவே முடிந்திருக்கும். உங்களுக்குக் கொரோனா மாதங்கள் இலவசமாகக் கிடைத்ததால் கொஞ்சம் மிஞ்சும், சரி, ஆனால் முழுக்கடன் போகும் என்ற கதை இல்லை. நம் வீடுகளில் பெண் டீச்சர், ஆண் ஐ.டி. என்ற கணக்கு அதிகம், இங்குள்ள டீச்சர்கள் சொல்லும் அறிவுரையை அப்படியே எடுத்தால் இப்படித்தான் இடிக்கும்.

ஃபைவ்_பீரியட்:

நல்ல கேள்வி, அதை நான் முதலிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. தனித்தனியாக ஃபைல் பண்ணினால் உங்கள் 50,000 மட்டும்தான் கணக்கு. இரண்டு பிள்ளைகளையும் நீங்கள் உங்கள் பக்கம் காட்டினால் மூன்று பேர் குடும்பம். 2025 வறுமைக்கோட்டு அளவு மூன்று பேருக்கு 26,650, அதில் ஒன்றரை மடங்கு 39,975. ஐம்பதாயிரத்தில் அதைக் கழித்தால் பத்தாயிரம் சொச்சம், அதில் 10 சதவீதம், மாதத்துக்கு 84 டாலர். 2014 ஜூலைக்குப் பிறகு முதல் முறையாகக் கடன் வாங்கியவர் என்பதால் உங்களுக்கு 10 சதவீதம், அதற்கு முன்னால் வாங்கியவர்களுக்கு 15.

510 எங்கே 84 எங்கே! வருடத்துக்கு 5,100 டாலர் வித்தியாசம். தனியாக ஃபைல் பண்ணினால் வரி ஏறும், அது உண்மை. குழந்தைக் காப்பகச் செலவுக்கான கழிவு, கல்விக் கடன் வட்டிக் கழிவு எல்லாம் போகும். வரிக் கணக்கு போடுபவரிடம் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஏறும் வரி 5,100-ஐ விட நன்றாகக் குறைவு என்றால் தனித்தனியாக ஃபைல் பண்ணி பி.எஸ்.எல்.எஃப்., அதிகம் என்றால் வாத்தியார் சொல்கிற 17,500. இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

(டெக்சாஸ், கலிஃபோர்னியா, அரிசோனா மாதிரி மாநிலங்களில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே கணவன் மனைவி வருமானத்தை வரிக் கணக்கில் பாதிப் பாதியாகப் பிரிக்கும் சட்டம் இருக்கிறது, சம்பளச் சீட்டைக் காட்டி வாதாட வேண்டி வரும். வட கரோலினாவில் அந்தத் தொல்லை இல்லை.)

99 சதவீதம் நிராகரிப்பு பழைய கதை. 2019-ல் ஏ.எஃப்.டி. ஆசிரியர் சங்கம் கல்வித் துறை மேல் வழக்குப் போட்டது, 2021-ல் சமரசம் ஆனது, விதிகளையும் தளர்த்தினார்கள், 2024 அக்டோபருக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் தள்ளுபடி ஆகிவிட்டது. அதில் நானும் ஒருத்தி. ஆனால் வாத்தியார் பயப்படுவதில் ஒரு நியாயம் உண்டு, பத்து வருடம் சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. வருடத்துக்கு ஒரு முறை ஸ்டூடன்ட்எய்ட்.கவ் தளத்தில் வேலைச் சான்று ஃபாரத்தை நிரப்புங்கள், டிஸ்ட்ரிக்ட் ஹெச்.ஆருக்கு இமெயில் போய் அவர்கள் அங்கேயே கையெழுத்துப் போடுவார்கள். எத்தனை மாதம் ஏறியது என்று உங்கள் பக்கத்திலேயே தெரியும். அசிஸ்டென்டாக இருந்த இரண்டு வருடத்துக்கும் சேர்த்து இன்றைக்கே போடுங்கள்.

காவேரி_அம்மா:

எல்லோரும் கணக்கிலேயே இருக்கிறீர்கள், நான் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். கடன் தள்ளுபடி வாங்கித் தருகிறோம் என்று சில நூறு டாலர் முன்பணம் கேட்டு வரும் போன்களை எடுக்காதீர்கள். இந்த இரண்டுக்கும் விண்ணப்பிக்க ஒரு பைசா செலவில்லை. என்னிடம் பேசியவன் ஃபெடரல் கல்விக் கடன் கணக்குக்கான என் எஃப்.எஸ்.ஏ. பாஸ்வேர்டையே கேட்டான், நல்லவேளை மகன் பக்கத்தில் இருந்தான்.

இன்னொன்று, பிள்ளைகள் டீச்சர் ஆகப் படிக்கிறார்கள் என்றால் டீச் கிராண்ட் என்று வருடம் 4,000 வரை கொடுக்கிறார்களே, அதைக் கையெழுத்துப் போடும்முன் படியுங்கள். படித்து முடித்த எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம் ஏழைப் பள்ளியில் தேவை அதிகமுள்ள பாடம் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அந்தப் பணம் கடனாக மாறும், வட்டியும் பணம் வாங்கிய முதல் நாளிலிருந்து போடுவார்கள். வேலையைச் சரியாகப் பார்த்தும் ஒரு ஃபாரம் தாமதமாகப் போனதற்காகக் கடனாளி ஆக்கப்பட்ட டீச்சர்கள் நிறையப் பேர், 2018-ல் என்.பி.ஆர். ரேடியோ அதைத் தோண்டி எடுத்த பிறகுதான் பலருக்குத் திரும்பக் கிராண்டாக மாற்றினார்கள்.

சார்லட்_டீச்சர்:

இன்றைக்கு இரவு வீட்டுக்காரரிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன். ரீஃபைனான்ஸ் பேச்சை நிறுத்திவிட்டார், அதுவே பெரிய விஷயம். ஆனால் புதிதாக ஒன்று சொல்கிறார்: இரண்டு மூன்று வருடத்தில் கோயம்புத்தூருக்கே திரும்பிவிடலாம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது, அவருடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அப்படிப் போவதானால்? அப்புறம் இந்த ராப், ராப் என்கிறார்களே, அது என்ன?

ஃபைவ்_பீரியட்:

போவது உறுதி என்றால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள், வாத்தியார் ஜெயித்தார். பி.எஸ்.எல்.எஃபில் 119 மாதம் கட்டியவருக்கும் ஒன்றும் இல்லை, 120 வேண்டும். ஐந்தாவது வருடத்தை 2027 ஜூனில் முடித்து 17,500-ஐ வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இப்போதைக்கு இரண்டு கதவையும் திறந்தே வைக்கலாம், ஏனென்றால் அந்த வேலைச் சான்று ஃபாரத்தை வருடா வருடம் போடுவதால் 17,500-க்கான உரிமை போகாது. எதை எடுப்பது என்று 2027-ல் முடிவு பண்ணினால் போதும்.

ராப் என்பது 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தில் வந்த புதுத் தவணைத் திட்டம், 2026 ஜூலை 1 முதல். மொத்த வருமானத்தில் 1 முதல் 10 சதவீதம் வரை, பிள்ளைக்கு மாதம் 50 டாலர் கழிவு. 50,000 வருமானம், இரண்டு பிள்ளை என்றால் மாதம் 67 வருகிறது, பி.எஸ்.எல்.எஃபுக்கும் எண்ணப்படும். ஆனால் வருமானம் 50,000-ஐத் தாண்டினால் 4 சதவீதம் 5 ஆகிவிடும், ஐ.பி.ஆரோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள். 2026 ஜூலை 1 முதல் புதுக் கடன் எதுவும் எடுக்காதீர்கள், எடுத்தால் ஐ.பி.ஆர். கதவு மூடிவிடும்.

கணக்கு_வாத்தி:

ஜெயிப்பு தோற்பு எல்லாம் இல்லை. 17,500-க்கான ஃபாரம் ஐந்து வருடம் முடிந்த பிறகுதான் சர்வீசருக்குப் போக வேண்டும், பள்ளி நிர்வாகத்தின் கையெழுத்தோடு. அது பரிசீலனையில் இருக்கும்போது 60 நாள் வரை தவணையை நிறுத்தி வைப்பார்கள். பிரின்சிபல் மாறப்போகிறார் என்று காதில் விழுந்தால் அதற்கு முன்னாலேயே, உங்களுடைய ஸ்பெஷல் எட் பொறுப்பு, லீவு எடுத்த வருடம் இரண்டையும் குறிப்பிட்டு அவரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். நான் அங்கேதான் மாட்டினேன், புதிதாக வந்த பிரின்சிபல், நான் இல்லாத காலத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார், ஹெச்.ஆர். வரை போய்த்தான் வாங்க முடிந்தது.

சார்லட்_டீச்சர்:

எங்கள் பிரின்சிபல் இந்த ஜூனில் ஓய்வு பெறுகிறார்! நாளை காலையே போய்க் கேட்கிறேன். ஹெச்.ஆருக்கு இப்போதே மெயில் தட்டிவிட்டேன்.